ஆயிரம் ரூபாய்த் தாளின் இரு முகங்கள்

நாணயத்தாளைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் எழுத்தும் ஓவியமும் கொண்டு மக்களிடம் ஒரு கருத்தைச் சேர்ப்பிக்கும் எதுவும் திறனாய்வுக்கு உரியதே. இலங்கை மத்திய வங்கி 2009 நவம்பர் 17ஆம் திகதி வெளியிட்ட ஆயிரம் ரூபாய் ஞாபகார்த்தத் தாள் அத்தகைய ஒன்று. அது தாங்கும் திகதி 2009 மே 20. முல்லைத்தீவின் நந்திக்கடலோரத்தில் போர் முடிவுற்று இரு நாட்களே கழிந்திருந்தன.

தாளின் பொருள் சமாதானமும் சுபீட்சமும் என அறிவிக்கப்பட்டது. முன்புறத்திலே இலங்கைப் படம், உதயசூரியன், கரங்களை உயர்த்திய அன்றைய சனாதிபதி மகிந்த ராஜபக்ச. ஆறாம் ஜோர்ஜ் மன்னரும் இரண்டாம் எலிசபெத் அரசியும் உயிரோடிருக்கையிலேயே நம் தாள்களில் இடம்பெற்றவர்கள். பண்டாரநாயக்கவின் முகமோ 1959இல் அவர் கொல்லப்பட்ட பின்னரே தாளில் ஏறிற்று. முடியாட்சி மரபொன்று குடியரசில் மீண்டமை கருதற்பாலது.

பின்புறமே நம் கவனத்தை அதிகம் வேண்டுவது. படைவீரர் கொடியேற்றுகின்றனர், போர்க்கலங்களும், 2006இல் இறுதிக்கட்டப் போருக்குத் தோற்றுவாயான மாவிலாறு அணைக்கட்டும் காணப்படுகின்றன. கொடியேற்றும் காட்சியின் அமைப்பு, 1945இல் இவோ ஜிமா தீவில் ஜோ ரோசந்தால் எடுத்த புகைப்படத்தை உடனே நினைவூட்டுகிறது. இங்கேதான் இடர்ப்பாடு. உருவத்தை இரவல் பெறுவோர் அதனுள் உறைந்த உள்ளடக்கத்தையும் சேர்த்தே பெறுகின்றனர். இவோ ஜிமாவில் தோற்றது அந்நிய நாட்டுப் படை. வன்னியில் அம்மண்ணில் வாழ்ந்தோர் அதே நாட்டின் குடிகள். இவ்வேறுபாட்டைத் தாள் அறியவில்லை. அறிந்திருப்பின் வேறு படம் தேடியிருக்கும்.

வீரர்க்கு நினைவுச்சின்னம் கூடாதென்பது என் வாதமன்று. பிள்ளையை இழந்த தாய்மார் தெற்கிலும் உளர். ஆனால் நினைவுத்தூணைக் காண விரும்பாதவன் வேறு வழியாற் செல்லலாம். சட்டமுறைப் பணத்தை அவ்வாறு விலக்க இயலாது. அதன் வாசகன் கட்டாய வாசகன். அத்தாள் வெளிவந்த நாளில் வன்னி மக்களுட் பெருந்தொகையினர் வவுனியா, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இருந்தனர். இறுதி முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். சமாதானத்தின் படத்தில் அவர்களுள் ஒருவரேனும் இல்லை. மீண்டும் உழப்பட்ட ஒரு வயல்கூட இல்லை.

இன்னொன்றும் கூறவேண்டும். விடுதலைப் புலிகளின் நிர்வாகம் தனி வங்கியும் நீதிமன்றமும் நடத்திய ஆண்டுகளிலும் கிளிநொச்சிக் கடைகளிற் புழங்கியது இலங்கை ரூபாயே. பிரிபடாத நாடென்று படம் வரைந்து காட்டுமுன்பே பணம் அவ்வாறு ஓடிக்கொண்டிருந்தது!

நான் அப்போது பாலகன். பின்னாளில் அம்மம்மாவின் சுருக்குப்பையில் அத்தாளைக் கண்டேன். கொடியும் வீரரும் உள்ளே போகும்படி நான்காக மடித்திருந்தார். காரணம் கேட்டேன். "மடிச்சால்தானே மோனை பைக்குள்ள கொள்ளும்" என்றார்.

2011இல் வந்த புதிய ஆயிரம் ரூபாய்த் தாளில் றம்பொடைச் சுரங்கப்பாதையும் ஒரு கிளியும் இருந்தன.