கூழும் கதவும்

பெரம்பலூரில் நெடுஞ்சாலை ஓரமாகப் பத்து நாட்களுக்கென்று ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார்கள். கீற்றுப் பந்தல், சாணி மெழுகிய தரை, வாசலில் மாடில்லாத ஒரு மாட்டு வண்டி, பாட்டி வீட்டுச் சாப்பாடு என்று ஒரு பலகை. பதினோராம் நாள் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். நானும் அரியலூர் நண்பரும் எட்டாம் நாள் போனோம். இதை இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்தப் பக்கங்களில் வருகிற கவிதைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடை வழியாகப் போகவேண்டியிருக்கிறது.

உள்ளே அரிக்கேன் விளக்குகள் தொங்கின. உள்ளே எரிந்தது மின்சாரம். அம்மி, உரல், திருகை எல்லாம் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் மாவு ஒட்டியிருக்கவில்லை. எங்கோ வீடு இடித்த இடத்தில் வாங்கிய பழங்கதவுகள் இரண்டை எண்ணெய் தேய்த்துத் தட்டியில் சாத்தி வைத்திருந்தார்கள். இலையில் கேழ்வரகுக் களி, வரகரிசிச் சோறு, கருவாட்டுக் குழம்பு. மண் குவளையில் கம்பங்கூழ், 60 ரூபாய். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும். ருசியில் குறையில்லை. கூழ் பதமாகப் புளித்திருந்தது. போலி என்றால் ருசியும் கெட்டிருக்கும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அப்படி இருந்தால் விமர்சனம் சுலபமான வேலை. போலி ருசியாகவும் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

நண்பர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பேசாமல் குடித்து முடித்துக் குவளையைக் கீழே வைத்தார்.

"கூழ் சரியா இருக்குங்க. இடந்தான் மாறிப்போச்சு."

"எந்த இடம்?"

"நாங்க கூழ் வாங்கினது கொல்லைப்புறத்துல. எங்கம்மா களை எடுத்துட்டு வந்து மாட்டுக் கொட்டாய் ஓரமா நிக்கும், நானும் கூட நிப்பேன். தூக்கித்தான் ஊத்துவாங்க. இங்க முன்வாசல் வழியாக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்காங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு பிழையைத் திருத்துகிற குரலில் சொன்னார். நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். யாருடைய பாட்டி வீடு? எல்லோருக்கும் ஒரே பாட்டி, அந்தப் பாட்டிக்கு முற்றமும் தூணும் உள்ள ஒரு வீடு என்று கடை தீர்மானித்துவிட்டது. கொட்டகை ஓரம் நின்ற அந்த அம்மாவும் பிறகு பேரப்பிள்ளைகள் கண்டவள்தான். ஆனால் பலகை சொல்லும் பாட்டி அவள் இல்லை.

கம்பும் வரகும் இந்தப் பக்கத்து இலைகளிலிருந்து எப்படிப் போயின என்பதற்கு ஒரு கதை உண்டு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு எவ்வளவு தூரம் போயிற்று என்பது தெரிந்ததே. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கினார்; அப்போது பெரம்பலூரும் அரியலூரும் அதே திருச்சி மாவட்டம். 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று; 2011இல் விலையே இல்லாமல் ஆயிற்று. தினமும் சோறு என்பது பல வீடுகளில் ஒரு விடுதலையாக வந்து சேர்ந்தது. கூழைவிட்டு வெளியேறியவர்கள் அதை இழப்பென்று நினைக்கவில்லை. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அது நிலத்துக்கும் உடம்புக்கும் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் கூழுக்காகக் கண்ணீர் விடுகிறவர், அதைக் குடிக்காமலிருக்க வழி இருந்தவரா இல்லாதவரா என்று கேட்காமல் அந்தக் கண்ணீரை மதிப்பிட முடியாது.

ஊர் ஏக்கத்துக்கு ஐரோப்பியர் வழங்கும் நாஸ்டால்ஜியா என்ற சொல்லை, 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் கிரேக்க வேர்களிலிருந்து உண்டாக்கினார். அது அப்போது ஒரு நோயின் பெயர். வேற்று நாட்டிலிருந்த சுவிஸ்காரர்களுக்கு வந்த நோய். மருந்து, ஊருக்கு அனுப்பிவிடுவது. இன்று நோயே சரக்காகிவிட்டதால் மருந்து யாருக்கும் தேவைப்படவில்லை. ஜப்பானில் யோகோஹாமாவில் 1994இல் ஒரு ராமென் காட்சிசாலை திறந்தார்கள். உள்ளே 1958ஆம் வருஷத்து டோக்கியோத் தெரு. அதில் நூடுல்ஸ் கடைகள். அதுவும் வியாபாரம்தான். ஆனால் அங்கே ஒரு வருஷம் சொல்லியிருக்கிறார்கள். வருஷம் தெரிந்தால் கேள்வி கேட்கலாம்: அப்போது கூலி என்ன, யார் சாப்பிட்டார்கள், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள்? பெரம்பலூர்ப் பந்தலில் வருஷம் இல்லை. 'அந்தக் காலம்' மட்டும் இருந்தது. இந்த மாவட்டத்தில் சாத்தனூர்க் கல்மரத்துக்குக்கூடப் புவியியலாளர்கள் 12 கோடி வருஷம் என்று வயது சொல்லியிருக்கிறார்கள். நம் பாட்டி வீட்டுக்கு வயது கிடையாது.

தட்டியில் சாத்தியிருந்த கதவுகளைப் பார்த்தபோது கி. ராஜநாராயணனின் 'கதவு' கதை நினைவுக்கு வந்தது. அங்கேயும் ஒரு பழங்கதவு உண்டு. குழந்தைகள் அதன்மேல் ஏறி நின்று ஆட்டி விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு அதே கதவு வேறோரிடத்தில் சாத்திக் கிடப்பதைக் குழந்தைகள் கண்டுபிடிக்கிறார்கள். கி.ரா.வைக் கிராமத்து வாசனைக்காகப் படிப்பதாகச் சொல்கிறவர்கள் இந்தக் கதையில் எதை முகர்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்தக் கதவின் மேல் உள்ள பிரியமும் அது ஏன் போயிற்று என்ற கணக்கும் அங்கே பிரிக்க முடியாதபடி இருக்கின்றன. கடையிலோ கதவு மட்டும் வந்திருக்கிறது, பாக்கி வரவில்லை.

கை கழுவும் இடத்தில் தட்டியில் ஒரு புதுக்கவிதை எழுதி மாட்டியிருந்தது. திண்ணை, சிமினி விளக்கு, பாட்டியின் சுருக்கம் விழுந்த கை, வற்றிய கிணறு. எழுதியவர் பெயர் இல்லை. நண்பர் படித்துவிட்டு, "உங்களோடதுங்களா?" என்றார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்குச் சில கணங்கள் ஆயின. என்னுடையது அல்ல. ஆனால் என்னுடையதாக இருந்திருக்கலாம். அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்று என் கவிதைகளும் கேட்டதில்லை. அந்தக் கிணற்றில் யார் இறைக்கலாம் என்றும் கேட்டதில்லை. அவற்றிலும் வருஷம் கிடையாது. படிமம் செறிவாக இருந்தால் போதும், கேள்வி தானாக உள்ளே வந்துவிடும் என்று நாங்கள் பல வருஷங்களாக நம்பிக்கொண்டிருந்தோம். வரவில்லை. படிமங்கள் எண்ணெய் தேய்த்த கதவுகளாக நின்றன, பத்து நாள் கடைக்குத் தயாராக.

நண்பருக்கு ஏக்கம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவர் ஊரில் களமும் கிணறும் இருந்த இடம் இன்று சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கம். அதைப் பற்றி அவர் பேசினால், எந்த வருஷம் அளந்தார்கள், ஏக்கருக்கு என்ன கொடுத்தார்கள், யார் பிள்ளைக்கு வேலை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில்தான் கிணற்றங்கரை வேம்புக்கு வருவார். வேம்புக்கு வரும்போது குரல் மாறும். அந்தக் குரல் மாற்றத்துக்கு முன்னால் அத்தனை கணக்கும் இருப்பதால் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. நல்ல கவிதை என்று நான் இப்போது நினைப்பது ஏறக்குறைய அதைத்தான்.

இந்த இடத்தில் முடித்திருந்தால் என் வாதம் சுத்தமாக இருந்திருக்கும். கல்லாவில் நான் பணத்தை எடுத்தபோது நண்பர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"நான் குடுக்கறேன், விடுங்க. கூழுக்குக் காசு குடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

இரண்டு குவளைக்கு 120 ரூபாய், சாப்பாடு தனி. மீதியை எண்ணி வாங்கிக்கொண்டு, வந்த வழியாகவே, முன்வாசல் வழியாக வெளியே போனார். போலி என்று நான் தீர்ப்பெழுதிய அதே வாசல். அவருக்கு அது போலியாக இருந்ததா என்று பஸ் ஸ்டாண்டு வரை கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அரியலூர் பஸ் வந்துவிட்டது.