மூச்சின் அளவும் யந்திரத்தின் எண்ணும்

லண்டனிலோ ரொறன்ரோவிலோ குடியேறிவிட்ட பிள்ளைகள், திருகோணமலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் தகப்பனாருக்கு முதலில் வாங்கி அனுப்ப நினைப்பது, தோளில் மாட்டிக்கொண்டு கோணேசர் கோவில் வரையிலும் போய்வரலாம் என்று விளம்பரங்கள் ஆசைகாட்டுகிற, இரண்டு மூன்று கிலோவுக்கு மேற்படாத சிறிய ஒட்சிசன் மெசினைத்தான். நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு லீற்றர் பிராணவாயு போதுமான ஒருவருக்கு அது மெய்யாகவே ஒரு வரப்பிரசாதம். ஆனால் சுவாசப்பை நார்பாய்ந்து இறுகிப்போய், நாலு அடி எடுத்து வைத்தாலே ஆறு லீற்றரும் எட்டு லீற்றரும் வேண்டிநிற்கிற நோயாளிக்கு, அந்த விலையுயர்ந்த அன்பளிப்பு அநேகமாக அலுமாரிக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வீட்டில் பிராணவாயு கொடுப்பதற்குரிய உபகரணங்களை நம்மவர் தெரிந்தெடுக்கும் முறையில் பாராட்டத்தக்கவை இல்லாமலில்லை. குடும்பம் முழுவதும் ஒன்றுகூடிப் பணம் திரட்டுகிறது. நோயாளி வைத்தியசாலையிலிருந்து திரும்புமுன்பே யந்திரம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. தம்மிடமுள்ளதை இரவல் கொடுக்க அயலவரும் பின்நிற்பதில்லை. ஆயினும் அம்முறை யந்திரத்தின் முகப்பிலே பொறித்திருக்கும் எண்ணிலிருந்து புறப்படுகிறதேயன்றி, நோயாளி எழுந்து நடக்கும்போது அவருடைய குருதிக்கு எவ்வளவு பிராணவாயு வேண்டியிருக்கிறது என்ற அளவையிலிருந்து புறப்படுவதில்லை என்பதும், மற்றக் குறைகளிற் பல இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன என்பதும் என் கருத்து.

வீட்டில் நெடுங்காலம் பிராணவாயு கொடுப்பதற்கு விஞ்ஞான ஆதாரமாக நிற்பவை இரண்டு பரிசோதனைகள். 1980-இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில் 203 நோயாளிகள் பங்குகொண்டனர். இரவில் மட்டும் பிராணவாயு பெற்றவர்களைக் காட்டிலும் இரவும் பகலும் பெற்றவர்கள் அதிக காலம் உயிர்வாழ்ந்தனர். அடுத்த ஆண்டு வெளியான பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் பரிசோதனை, நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரமாவது அதைப் பெற்றவர்கள் ஒன்றும் பெறாதவர்களைவிட நீடித்தார்கள் என்று காட்டிற்று. இவ்விரண்டிலும் சேர்க்கப்பட்டவர்களோ நாட்பட்ட சுவாசத்தடை நோயினர். குருதியில் பிராணவாயு மிகவும் குறைந்திருந்த அவர்களிற் பெரும்பாலோருக்குக் கொடுக்கப்பட்டது சிறிய அளவே. குறைவு இலேசாக உள்ளவர்களுக்கு வீட்டுப் பிராணவாயு ஆயுளை நீட்டவில்லை என்பதை, 738 பேரைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட இன்னொரு பரிசோதனை தெளிவாக்கிற்று. சுவாசப்பை நார்பாய்ந்து உயர்ந்த அளவில் பிராணவாயு வேண்டுவோருக்கு இவற்றுக்கு ஈடான உறுதியுள்ள சான்று கிடையாது. அவர்கள் விஷயத்தில் நாம் நாடுவது பெரும்பாலும் மூச்சுத்திணறல் தணிவதும், முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் தாமாகப் போய்வரும் சுதந்திரமுமே. ஆகையால் நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடும் ஏற்பாடு, எவ்வளவு பணச் செலவில் அமைந்ததாயினும், தன் நோக்கத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

வீட்டில் நிலையாக வைக்கும் யந்திரத்தின் பெருமை, அது அறைக்காற்றிலிருந்தே பிராணவாயுவைப் பிரித்தெடுப்பதில் இருக்கிறது. உள்ளே இழுத்த காற்றை அமுக்கிச் சியோலைற்று என்னும் கனிமம் நிறைந்த குழலினூடே அது செலுத்துகிறது. நைதரசன் அந்தக் கனிமத்திலே தங்கிவிட, நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று பங்கு அளவிலான பிராணவாயு வெளிவருகிறது. வாடைக்காற்றில் கொட்டியாரக்குடா கொந்தளித்தாலும், வெருகல் வழி வெள்ளத்தில் அமிழ்ந்துபோனாலும், மின்சாரம் உள்ளவரையில் அந்த ஊற்று வற்றுவதில்லை. ஆனால் முகப்பு எண்ணை நம்பிக் கெடுபவர்கள் இங்கேதான் அதிகம். கொரோனாக் காலத்தில் உலகெங்கும் மலிவாக விற்பனைக்கு வந்த சில சிறு யந்திரங்களில் ஏழு லீற்றர் வரை திருகலாம். ஒரு லீற்றரில் தொண்ணூறு பங்குக்கு மேலிருக்கும் சுத்தம், ஏழு லீற்றரில் ஏறக்குறைய முப்பது பங்குக்கு இறங்கிவிடும், அதாவது சாதாரண காற்றைவிடச் சற்றே மேலான நிலைக்கு. சுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கோ மணியோ இல்லாத யந்திரத்தை, உயர்ந்த அளவு வேண்டும் நோயாளிக்காக எவர் விற்க வந்தாலும் வாங்கலாகாது.

பத்து லீற்றர் தரும் பெரிய யந்திரம் ஒன்றா, ஐந்து லீற்றர் யந்திரங்கள் இரண்டை ஒரு கவர்க்குழாயால் இணைப்பதா என்பது அடிக்கடி எழும் வினா. பெரியது இருபத்தைந்து கிலோ நிறையுள்ளது. ஏறக்குறைய 600 வாற் மின்சாரம் கொள்வது. முழு வேகத்தில் சுத்தம் சற்று இறங்கக்கூடியது. சிறியவை ஒவ்வொன்றும் பதினைந்து கிலோவும் 350 வாற்றும் ஆகும். இரண்டும் சேர்ந்தால் மின்செலவு கூடுகிறது, இரைச்சலும் இரட்டிக்கிறது. அப்படியிருந்தும் இந்த மாவட்டத்தில் நான் இரண்டு சிறியவற்றின் பக்கமே நிற்பேன். கெட்டுப்போன யந்திரத்தைக் கொழும்புக்கு அனுப்பித் திருத்தி எடுக்கும்வரை, மற்றையது பாதி மூச்சையாவது தந்துகொண்டிருக்கும். ஒன்றை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்த நாட்களிலே கதி இல்லை. துறைமுக ஊரின் ஈரக்காற்று இந்த வாதத்துக்கு மேலும் வலுவூட்டுகிறது. சியோலைற்று நைதரசனைக் காட்டிலும் நீராவியை அதிக ஆவலோடு பற்றிக்கொள்ளும் பொருள். மாதக்கணக்கில் ஓடாமல் மூலையில் கிடக்கும் யந்திரம், பார்வைக்குப் புதிதாயிருந்தும் உள்ளே வலுவிழந்துவிடுகிறது. பெருந்தொற்றின்போது அன்பளிப்பாக வந்து இன்று உறங்குகிற யந்திரங்களைச் சுத்தம் அளந்து பாராமல் எடுத்துப் பூட்டுவது அபாயம். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களிலோ, கதவடைத்த சிறு அறையில் இரண்டு யந்திரங்கள் கக்கும் வெப்பம் நோயாளியையும் வருத்தும், யந்திரத்தையும் வருத்தும். காற்றோட்டமுள்ள விறாந்தையில் யந்திரத்தை வைத்து, நசுங்காத நீள்குழாயால் உள்ளே கொண்டுவருவது நல்லது.

கனடாவிலிருந்து வரும் நிலையான யந்திரம் வேறொரு சங்கடத்தையும் கூடவே கொண்டுவருகிறது. அங்கே மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வோல்ற்றை ஒரு மாற்றி இறக்கிவிடும். ஹேர்ட்ஸை அது மாற்றாது. மோட்டார் மெதுவாகச் சுழல, அமுக்கம் குறைந்து, முகப்பிலே ஐந்து என்று காட்டியபடியே உண்மையில் குறைவாகத் தரக்கூடும். லண்டனிலிருந்து வருவதற்கு இந்தத் தொல்லை கிடையாது.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கணக்குப் பார்க்க வேண்டும். ஏனெனில் விற்பவர் இதைச் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. இரண்டு சிறு யந்திரங்கள் இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 500 யூனிற் செலவாகும். மின்சார சபையின் வீட்டுக் கட்டணத்தில் 180 யூனிற்றுக்கு மேற்பட்டது யாவும் உச்சக் கட்டணப் படியில் விழுவதனால், யந்திரத்தின் விலையைத் திரட்டிய குடும்பம் மாதாந்தப் பட்டியலின் முன்னே திகைத்து நிற்கிறது. பணத்தைவிடப் பெரிய பயம் மின்வெட்டு. 2020 டிசம்பர் 2-ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறிற்று. 2022 மார்ச் 31-ஆம் திகதிக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பட்டப்பகலில் தீவு முழுவதும் இருண்டது. இத்தகைய வேளைக்கென்று வீடுகளில் இன்வேட்டர் வாங்கி வைக்கிறார்கள். 12 வோல்ற், 150 அம்பியர்-மணி பற்றரியில் அடங்கும் 1800 வாற்-மணியில் பாதியையே அதைப் பழுதாக்காமல் எடுக்கலாம். 700 வாற் கொள்ளும் இரட்டை யந்திரங்களை அது ஒன்றேகால் மணி நேரம் ஓட்டும், அதுவும் இழப்பில்லை என்று கொண்டால். மின்விசிறிக்கும் விளக்குக்கும் போதுமான ஒரு சாதனத்தை மூச்சுக்கும் போதுமென்று நம்பியது பிழை.

பழைய காலத்துப் பொருளென்று பலரும் ஒதுக்கிவிட்ட பெரிய சிலிண்டர் இந்த இடத்திலேதான் தன் மதிப்பைக் காட்டுகிறது. அதில் ஏறக்குறைய 7000 லீற்றர் பிராணவாயு அடைபட்டிருக்கும். நிமிஷத்துக்கு எட்டு லீற்றராகச் செலவிட்டாலும் பதினான்கரை மணி நேரம் வரும். 2022-இன் மிக நீண்ட மின்வெட்டையும் தாண்டிவிடக்கூடிய கையிருப்பு அது. ஒருவராகத் தூக்கமுடியாத பாரமும், சங்கிலியால் சுவரோடு பிணைக்காவிட்டால் சாய்ந்து விழும் ஆபத்தும், நிரப்புவதற்குப் போய்வரும் அலைச்சலும் அதன் குறைகள். அதற்குப் பொருந்தும் றெகுலேற்றர் சிறிய சிலிண்டருக்குப் பொருந்தாதிருக்கலாம் என்பதை, மின்சாரம் நின்ற இரவில் அறிந்துகொள்வதைவிடப் பகலிலே பூட்டிப் பார்த்து அறிந்துகொள்வது உத்தமம். துறைமுகப் பட்டினத்துக்கே உரிய ஒரு சபலமும் உண்டு. படகு திருத்துமிடங்களிலும் இரும்பொட்டும் பட்டறைகளிலும் ஒட்சிசன் சிலிண்டர்கள் எளிதில் அகப்படுகின்றன. வாயு ஒன்றுதானே என்று அவசரத்தில் கேட்டு வாங்குவோரும் இருக்கிறார்கள். வாயு ஒன்றாயிருக்கலாம், ஒட்டுவிளக்கிலிருந்து எரிவாயு பின்னோக்கிப் புகுந்ததா, உள்ளே எண்ணெய்ப்பசை படிந்ததா என்பதற்கு அந்தச் சிலிண்டரில் உத்தரவாதம் இல்லை.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சாமியறைக் கற்பூரம், அந்திச் சாம்பிராணி, கட்டிலுக்கடியில் வைக்கும் நுளம்புச்சுருள் ஆகிய மூன்றும் நம் வீடுகளில் இயல்பானவை. எட்டு லீற்றர் ஓட்டத்தில் போர்வையும் சேலையும் பிராணவாயுவில் தோய்ந்திருக்கும்போது, ஒரு சிறு பொறியும் பெருந்தீயாகும். மூக்கு வறள்கிறதென்று தேங்காய் எண்ணெய் தடவுவதும் கூடாது.

இனித் தோளில் தொங்கும் சிறு யந்திரத்துக்கு வருவோம். அதன் பொத்தானில் ஐந்து என்றிருப்பது ஐந்து லீற்றரைக் குறிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கும் கணத்தில் மட்டும் ஒரு சிறு அளவைச் செலுத்தி, வெளிவிடும்போது நிறுத்திக்கொள்வது அதன் தந்திரம். வாய்க்காலில் ஓயாது நீர் பாய்ச்சுவதற்குப் பதிலாகச் செடிக்குச் செடி அள்ளி ஊற்றுவதைப் போன்ற சிக்கனம். சிக்கனம் என்ற வரையில் அது மதிக்கத்தக்கதே. உள்ளிழுப்பின் முற்பகுதியில் செல்லும் வாயுதான் பெரும்பாலும் பயன்படுகிறது. ஆனால் இவ்வகைச் சிறு யந்திரங்கள் தம் உச்ச நிலையிலும் நிமிஷத்துக்கு ஒன்றேகால் லீற்றர் அளவே உற்பத்தி செய்கின்றன. அவற்றுட் பலவும் அந்த நிமிஷ அளவை மூச்சுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பவை. நிமிஷத்துக்குப் பதினைந்து மூச்சு முப்பதானால் ஒவ்வொரு மூச்சின் பங்கும் பாதியாகும். அதிகமாகத் தேவைப்படும் அந்த நேரத்திலேயே குறைவாகக் கிடைக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், நார்பாய்ந்த சுவாசப்பையோடு மேடேறுகிறவருக்கு அது ஏன் கைகொடுக்கவில்லை என்பது விளங்கும். ஓயாது பாய்ச்சும் சிறு யந்திரங்களும் இருக்கின்றன. அவையோ எட்டுக் கிலோ அளவு பாரத்தோடு மூன்று லீற்றரில் நின்றுவிடுகின்றன.

நடையில் மூன்று லீற்றருக்கு மேல் தொடர்ந்து தேவைப்படுவோருக்குத் திரவப் பிராணவாயுவைச் சிபாரிசு செய்கிறது, அமெரிக்க மார்பியல் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி. பூச்சியத்துக்குக் கீழே 183 பாகை குளிரில் ஒரு லீற்றர் திரவம் 860 லீற்றர் வாயுவைத் தன்னுள் அடக்கியிருப்பதால், கையிற் கொண்டுபோகும் சிறு குடுவையே நெடுநேரம் தாங்கும். சிபாரிசு நியாயமானதே, நம் நிலைமை வேறு. 2021 ஆகஸ்ட்டில் வைத்தியசாலைகளுக்கே போதாமல், இந்தியக் கடற்படையின் சக்தி என்னும் கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன் திரவப் பிராணவாயுவைக் கொழும்புக்கு ஏற்றிவந்த நாட்டில், வீட்டு வாசலுக்கு வந்து குடுவை நிரப்பும் வண்டியை எதிர்பார்க்க முடியாது.

நமக்கு எஞ்சுவது நடுத்தரச் சிலிண்டரும், வாயுவைச் சேமித்துக் கொடுக்கும் மூக்குக்குழாயுமே. இந்தக் குழாயின் மீசைப் பகுதியிலோ மார்பில் தொங்கும் பதக்கத்திலோ உள்ள சிறு பை, வெளிவிடும் நேரத்தில் நிரம்பி அடுத்த மூச்சுக்குக் கொடுக்கிறது. மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம். நீர்க்குமிழிப் போத்தலை மட்டும் இதனோடு சேர்க்கக் கூடாது, ஈரம் பட்டால் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு ஒட்டிக்கொள்ளும். வெலிசறையிலுள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலைக்கு வான் வண்டியில் ஏழு மணி நேரப் பிரயாணம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு லீற்றர் ஓட்டத்துக்கு 2520 லீற்றர் வேண்டும். 1500 லீற்றர் கொள்ளும் சிலிண்டர்கள் இரண்டு. சேமிப்புக் குழாயால் ஓட்டம் பாதியாகக் குறைந்தால் ஒன்றே போதுமானதாகி, மற்றையது வழியில் வான் பழுதானால் உதவும் கையிருப்பாகிறது. பாதியாகக் குறையுமா என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்; புறப்படுமுன் வீட்டிலேயே அளந்து பார்த்துவிட வேண்டும். மலிவான இந்தக் குழாயைக் கேட்டு வாங்குவோர் அரிது.

வைத்தியசாலைக் கட்டிலில் மூக்கு வழியே நிமிஷத்துக்கு அறுபது லீற்றர் வரை வெதுவெதுப்பான ஈரக்காற்றைப் பாய்ச்சும் யந்திரத்தைக் கண்டுவந்த உறவினர், அதையே வீட்டிலும் அமைக்க விரும்புவதுண்டு. அறுபது லீற்றர் ஓட்டத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு பிராணவாயு வேண்டுமானால் சுத்த வாயு நிமிஷத்துக்கு முப்பது லீற்றர் செல்லும். பெரிய சிலிண்டர் நாலு மணி நேரத்துக்குள் காலி. வீட்டில் அது நடவாத காரியம். முப்பது லீற்றர் ஓட்டத்தில் முப்பது பங்கு போதுமென்றாலோ, நாலு லீற்றருக்குட்பட்ட வாயுவே போதும். ஐந்து லீற்றர் யந்திரம் அதைக் கொடுத்துவிடும். இதைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர்.

வீடு திரும்பும் நோயாளியின் துண்டில் ஓர் எண் மட்டும் எழுதப்பட்டிருந்தால், குடும்பம் அதையே கடைக்குக் கொண்டுபோகும். அமர்ந்திருக்கும்போது எவ்வளவு, நடக்கும்போது எவ்வளவு, உறங்கும்போது எவ்வளவு என்ற மூன்றும், குருதியில் பிராணவாயு எந்தச் செறிவை எட்ட வேண்டுமென்ற இலக்கும் அதில் இருக்கவேண்டும். கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு 88 முதல் 92 வரையே இலக்கு, அதற்குமேல் திருகுவது அன்பினால் செய்யும் கெடுதி. இதற்கென்று பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. மாவட்டப் பொது வைத்தியசாலையிலும், கிண்ணியா, மூதூர், கந்தளாய்த் தள வைத்தியசாலைகளிலும், ஒரு தாழ்வாரமும் கடிகாரமும் ஒக்சிமீற்றரும் வைத்துக்கொண்டு ஆறு நிமிஷ நடையைப் பார்த்துவிடலாம். ஒக்சிமீற்றரும் பிழைபடாத சாட்சியன்று. கருமை மிகுந்த தோலில் அது உள்ளதைவிட உயர்வாகக் காட்டக்கூடும் என்பதை அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஆய்வொன்று உணர்த்திற்று. 90 என்று காட்டும்போது நோயாளி திணறினால் திணறலை நம்புவதே விவேகம். குளித்தலும் மலகூடம் போய்வருதலும் வீட்டிலே பார்க்கவேண்டிய கடுமையான வேலைகள். அளவு அவற்றுக்குப் போதுமானதா என்று பார்க்க வேண்டும்.

நார்பாயும் நோய் நிற்பதுமில்லை. இவ்வருஷம் நாலு லீற்றரில் நடந்தவர் அடுத்த வருஷம் எட்டுக் கேட்பார். ஆகவே சொந்தமாக வாங்குவதைக் காட்டிலும், கோவில்களும் பள்ளிவாசல்களும் நலன்புரிச் சங்கங்களும் யந்திரங்களைப் பொதுவில் வைத்துத் தேவைக்கேற்ப மாற்றிக் கொடுப்பதே பொருத்தமான ஏற்பாடாகத் தோன்றுகிறது. அதற்கு யந்திரங்களை விடவும் முதலில் வேண்டியவர், அவற்றைக் கிரமமாக ஓட்டி, தூசுத்தடுப்பைக் கழுவி, சுத்தத்தை அளந்து, கொப்பியிலே திகதியோடு எழுதிவைக்கும் ஒருவர்.