வாசித்தவர் யார்? ஜாஸ் இசைத்தட்டுச் சேகரிப்பின் நூறாண்டு

நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1900 வாக்கில் கார்னெட் வாசித்த பட்டி போல்டனைத்தான் ஜாஸின் முதல் பெரிய கலைஞர் என்று அவரைக் கேட்டவர்கள் சொன்னார்கள். 1907-இல் மனநலம் குன்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், 1931-இல் அங்கேயே இறந்துபோனார். அவர் வாசிப்பில் ஒரு நொடிகூட இன்று நம்மிடம் இல்லை. போல்டன் மருத்துவமனைக்குப் போன பத்தாண்டுகளில், 1917 பிப்ரவரி 26 அன்று, ஒரிஜினல் டிக்ஸிலாந்து ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழு நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காக வாசித்தது. வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று வரலாறு அதைத்தான் குறிக்கிறது. கறுப்பின மக்களிடம் பிறந்த ஓர் இசையின் ஏடு இப்படி ஒரு வெற்றிடத்தோடும் ஒரு கோணலோடும் தொடங்குகிறது. ஜாஸ் தட்டுகளைத் தேடிச் சேர்த்தவர்களின் நூறாண்டு உழைப்பை இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

மேற்கத்திய செவ்விசைக்கு எழுதிய தாள் உண்டு. தட்டு உடைந்தாலும் பீத்தோவன் இருப்பார். ஜாஸில் தாளில் இருப்பது எலும்புக்கூடுதான். உயிர், வாசிப்பவர் அந்தக் கணத்தில் கற்பனை செய்வது. அதே கலைஞர் அதே உருப்படியை மறுநாள் வாசித்தால் அது வேறொன்று. ஆகவே ஜாஸுக்கு இசைத்தட்டே மூலபாடம். ஒரே நாளில் ஒரே பாட்டை மூன்று முறை பதிவு செய்திருந்தால் அவை மூன்று பாடபேதங்கள். ஜாஸ் சேகரிப்பாளர்களில் சிறந்தவர்கள் பதிப்பாசிரியர்களின் வேலையைச் செய்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பொருளைச் சேர்த்து வைத்தவர்கள் பலர். ஆனால் ‘இதில் வாசித்தவர் யார், எந்த நாள், எத்தனையாவது முயற்சி’ என்று கேட்டவர்களால்தான் ஜாஸுக்கு வரலாறு என்ற ஒன்று கிடைத்தது.

அந்தக் கேள்வி எவ்வளவு கடினமானது என்பதை 1920-களின் 78 சுற்றுத் தட்டைக் கையில் எடுத்தால் தெரியும். லேபிளில் குழுவின் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர்கள் இருக்காது. குழுவின் பெயரையும் நம்ப முடியாது. ஒரே பதிவை மலிவு விலைக் கடைகளுக்கான லேபிள்களில் வெவ்வேறு கற்பனைப் பெயர்களில் விற்பது வழக்கம். லூயி ஆம்ஸ்ட்ராங் ஓகே நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தபோதே 1926-இல் அவருடைய குழு வோகாலியனுக்கு ‘லில்ஸ் ஹாட் ஷாட்ஸ்’ என்ற பெயரில் வாசித்தது. இந்த வழக்கம் பிற்காலத்திலும் தொடர்ந்தது: 1953-இல் டொராண்டோ மாசி ஹால் கச்சேரியின் தட்டில் ‘சார்லி சான்’ என்று இருப்பவர் சார்லி பார்க்கர். இத்தகைய முடிச்சுகளை அவிழ்க்கக் காதும், தட்டின் உள்வளையத்தில் பொறித்த வார்ப்பு எண்களும்தான் கருவி.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி, பாரிஸில் சார்ல் தெலோனே 1936-இல் ‘ஹாட் டிஸ்காகிராஃபி’ என்ற பட்டியலை வெளியிட்டார். ஓவியத் தம்பதியர் ரொபேர், சோனியா தெலோனேயின் மகன் அவர். ஜாஸ் பிறந்த நாட்டில் யாரும் செய்யாததை அட்லாண்டிக்கின் மறுகரையில் ஓர் இளைஞர் செய்தார். நியூயார்க்கில் மில்ட் கேப்ளர் நடத்திய கொமோடோர் கடையில் அக்காலச் சேகரிப்பாளர்கள் கூடினார்கள். பெரிய நிறுவனங்கள் அச்சிடுவதை நிறுத்திய தட்டுகளைக் கேப்ளர் மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது, வாசித்தவர் பெயர்கள் லேபிளில் ஏறின. சிறிய செயல்தான்; ஆனால் அதுவரை கூலிக்கு ஊதியவர், அன்றிலிருந்து கலைஞராகப் பெயர் பெற்றார். பில்லி ஹாலிடேயின் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலைக் கொலம்பியா பதிவுசெய்யத் தயங்கியபோது, 1939-இல் அதைத் தட்டாக்கியதும் இந்தக் கடைக்காரரே.

அந்தத் தலைமுறையின் குறையையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள். அமெரிக்கத் தெற்கின் கறுப்பினக் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பழைய தட்டுகளை வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. தங்களுக்குப் பிடித்த பழமையே உண்மையான ஜாஸ் என்று பலர் உறுதியாக நம்பினார்கள். 1939-இல் வெளியான ‘ஜாஸ்மென்’ நூலுக்கான தேடலில், லூசியானாவின் நியூ ஐபீரியாவில் பங்க் ஜான்சன் என்ற மறந்துபோன டிரம்பெட் கலைஞர் கிடைத்தார். பல்லும் இல்லை, கருவியும் இல்லை. ஆர்வலர்கள் அவருக்குக் கருவியும் பல்செட்டும் ஏற்பாடு செய்து 1942-இல் பதிவு செய்தார்கள். நெகிழ வைக்கும் கதைதான். அதே நேரத்தில் ஹார்லெமின் மின்டன்ஸ் விடுதியில் பிறந்துகொண்டிருந்த புதிய இசையை, பிற்பாடு பீபாப் என்று பெயர்பெற்றதை, இவர்களில் பலர் காது கொடுத்துக் கேட்கவில்லை.

கேட்டவர் ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர். 1941-இல் தூக்கிச் செல்லும் பதிவுக் கருவியை மின்டன்ஸுக்குக் கொண்டுபோய் சார்லி கிறிஸ்டியனின் கிதாரைத் தட்டில் பிடித்தார். கிறிஸ்டியன் மறு ஆண்டே, 25 வயதில் இறந்தார். அந்த ஆண்டே, 1942 ஆகஸ்ட் 1 முதல், அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் பதிவுக்கூடங்களைப் புறக்கணித்தது. போரினால் அரக்குக்கும் தட்டுப்பாடு. 78 சுற்றுத் தட்டின் மூலப்பொருளான அந்த அரக்கில் பெரும்பங்கு நம் சோட்டா நாக்பூர் காடுகளில் திரட்டப்பட்டுக் கல்கத்தாவிலிருந்து கப்பலேறியது. சரக்கு வரத்துச் சுருங்கியதும் அமெரிக்காவில் பழைய தட்டுகளே மறுசுழற்சிக்குப் போயின. பார்க்கரும் டிஸ்ஸி கிலெஸ்பியும் ஒன்றாக வாசித்த 1943-ஆம் ஆண்டின் ஏர்ல் ஹைன்ஸ் குழு, பதிவே இல்லாமல் காற்றோடு போனது. போல்டனுக்கு அடுத்த பெரிய வெற்றிடம் இது.

வினைல் வந்தது 1948-இல். கொலம்பியாவின் 33⅓ சுற்று நீள்தட்டு, மூன்று நிமிட எல்லையை உடைத்தது. இன்று ‘ஜாஸ் வினைல்’ என்றவுடன் நினைவுக்கு வரும் ப்ளூ நோட் நிறுவனம் அதற்கு முன்பே தொடங்கியது. பெர்லினில் பிறந்த ஆல்ஃபிரட் லயன் 1938 டிசம்பர் 23 அன்று கார்னகி ஹாலில் ஆல்பர்ட் அமன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் இருவரின் பியானோவைக் கேட்டார். இரண்டு வாரம் கழித்து, 1939 ஜனவரி 6 அன்று, அவர்களைக் கூட்டிவந்து பதிவு செய்தார். நண்பர் ஃபிரான்சிஸ் வோல்ஃப் அதே ஆண்டு ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து சேர்ந்துகொண்டார். பதிவுக்கு முந்தைய ஒத்திகைக்கும் இவர்கள் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ப்ளூ நோட் தட்டுகளில் குழுக்கள் அவ்வளவு கச்சிதமாக ஒலிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஒலிக்குக் காரணம் ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர். நியூஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டுக் கூடமே பதிவுக்கூடம். 1959-இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனிக்கூடம் கட்டினார். பதிவு செய்தவரே தட்டுக்கான முதல் வார்ப்பையும் வெட்டினார் என்பதால், தட்டின் உள்வளையத்தில் அவருடைய பெயர் அல்லது முதலெழுத்துகள் இருக்கின்றனவா என்று இன்றும் பார்க்கிறார்கள். அதன் அருகில் காது போல வளைந்த ஒரு குறி இருந்தால், அது பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சானது. லேபிளில் லெக்சிங்டன் அவென்யூவா, மேற்கு 63-ஆம் தெருவா, ‘நியூயார்க் யூ.எஸ்.ஏ.’ என்று மட்டுமா என்பதைக் கொண்டு காலத்தை ஏறத்தாழக் கணித்துவிடலாம். 1966-இல் நிறுவனம் லிபர்ட்டிக்குக் கைமாறியதும் காதுக்குறி மறைகிறது. ஹாங்க் மோப்லியின் 1568 எண்ணுள்ள தட்டில் ஒரு பக்க லேபிளின் முகவரிக்கும் மறுபக்க முகவரிக்கும் சிறு வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசமுள்ள பிரதி பல ஆயிரம் டாலருக்குப் போகிறது.

இங்கேதான் எனக்கு மனம் உறுத்துகிறது. மோப்லி 1986-இல் வறுமையில் இறந்தார். அந்தத் தட்டு எத்தனை முறை கைமாறினாலும் வாசித்தவருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஒரு காசும் போவதில்லை. சோனி கிளார்க் 1963-இல், 31 வயதில் மறைந்தார். அவருடைய ‘கூல் ஸ்ட்ரட்டின்’ 1958-இல் வெளியானபோது அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்படவில்லை. பிறகு ஜப்பானில் அது ஒரு தலைமுறையின் செல்லத் தட்டானது. அவருக்கு அது தெரியாது. முதற்பதிப்புக்கு ஏறும் விலையை இசைக்குக் கிடைத்த மரியாதை என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

முதற்பதிப்பே உண்மைக்கு மிக நெருக்கமானது என்ற நம்பிக்கையும் முழுச்சரி இல்லை. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாள்களில் கொலம்பியாவின் 30-ஆம் தெருக் கூடத்தில் பதிவானது. முதல் நாள் ஓடிய நாடா இயந்திரம் ஒன்று சற்று மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு வெட்டியதால் முதல் பக்கம் முழுவதும் சுருதி சற்றே ஏறி ஒலிக்கிறது. அதோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்களுக்குக் கருவியின் சுருதி சேரவில்லை. 1992-இல், கூடவே ஓடிய இன்னொரு இயந்திரத்தின் நாடாவிலிருந்து மறுபதிப்பு வந்தபோதுதான் குறை நீங்கியது. முதல் அச்சின் உறைகளில் இரண்டாம் பக்கத்து உருப்படிகளின் பெயர்கள் இடம் மாறியும் இருந்தன. பிழையுள்ள அந்த ஏடுதான் பெரும்பணம் பெறுகிறது. பிழை நீங்கிய பதிப்பு எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

ஜப்பானைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இந்தக் களத்தைக் கடக்க முடியாது. இறக்குமதித் தட்டின் விலை எட்டாக்கனியாக இருந்த காலத்தில், ஒரு கோப்பை காபியின் விலைக்கு மணிக்கணக்காகத் தட்டு கேட்க இடம் கொடுத்த ‘ஜாஸ் கிஸ்ஸா’ என்ற காபிக்கடைகள் அங்கே பெருகின. பல கடைகளில் பேசக்கூடாது. ஓடும் தட்டின் உறையை எல்லோரும் பார்க்கும்படி எடுத்து வைப்பார்கள். யோகோஹாமாவின் சிகுஸா 1933-இல் திறந்தது. போர்க்காலத்தில் அமெரிக்க இசை எதிரியின் இசை என்று தடைசெய்யப்பட்டது. 1945 குண்டுவீச்சில் கடையும் தட்டுகளும் எரிந்தன. உரிமையாளர் யோஷிதா மாமோரு மறுபடி தொடங்கினார். பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி அங்கே உட்கார்ந்து, தட்டுகளைக் கேட்டு ஸ்வரங்களை எழுதியெடுத்துக் கற்றார். ஒரு சேகரிப்பு கலைஞர்களை உருவாக்கியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஹாருகி முராகாமி எழுத்தாளராவதற்கு முன் 1974-இல் தோக்கியோவின் புறப்பகுதியான கொகுபுன்ஜியில் தொடங்கிய ‘பீட்டர் கேட்’ கடையும் இந்த மரபில் வந்ததே.

நிறுவனங்களை நம்பாமல் கலைஞர்களே போட்ட தட்டுகள் இன்னொரு கிளை. சன் ரா, நண்பர் ஆல்டன் ஆபிரகாமுடன் 1950-களில் சிகாகோவில் தொடங்கிய சாட்டர்ன் லேபிளின் பல உறைகள் கையால் வரையப்பட்டவை. கச்சேரிகளில் குழுவினரே விற்றார்கள். ஒரே எண், ஒரே தலைப்பு, உள்ளே வேறு பாடல் என்ற குழப்பமும் உண்டு. சார்ல்ஸ் டாலிவர், ஸ்டான்லி கவல் இருவரும் 1971-இல் தொடங்கிய ஸ்ட்ராட்டா-ஈஸ்ட் இதே மனப்பான்மையின் வார்ப்பு. இந்தக் கிளையைச் சேராவிட்டாலும், அந்த ஆண்டு இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்டு இன்று இளைஞர்கள் முதலில் தேடும் தட்டு, ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. தலைப்பில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தர் கோவை அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்தவர்.

தட்டின் அருமையைக் கடுமையாக உணர்த்தியவை தீ விபத்துகள். 1978-இல் நியூஜெர்சி லாங் பிராஞ்சில் இருந்த அட்லாண்டிக் நிறுவனக் கிடங்கு எரிந்தபோது, ஜான் கோல்ட்ரேன், ஆர்னெட் கோல்மன் போன்றோரின் வெளிவராத நாடாக்கள் போயின. 2008-இல் ஹாலிவுட்டின் யூனிவர்சல் வளாகத் தீயில் எவ்வளவு போயிற்று என்பதில் இன்றும் வாதம் இருக்கிறது. மூலநாடா இருக்கும் இடங்களில் அதைத் தேடியெடுக்க மைக்கேல் கஸ்குனா போன்றவர்கள் வேண்டியிருந்தது. ப்ளூ நோட்டின் பெட்டிகளில் வெளிவராமல் கிடந்தவற்றை 1970-களில் அவர் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். பிறகு சார்லி லூரியுடன் சேர்ந்து மொசைக் நிறுவனத்தைத் தொடங்கி, வாசித்தவர் பெயர், நாள், வரிசை எல்லாம் பிசகாமல் தொகுப்புகள் கொண்டுவந்தார். 2019-இல் தொடங்கிய ‘டோன் பொயட்’ வரிசை மூலநாடாவிலிருந்து நேராக வெட்டப்படுகிறது. முதற்பதிப்புக்குச் சேமிப்பைக் கரைப்பதைவிட இவற்றை வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

வாசித்தவர்களைப் பட்டியலிட்டுத் தெலோனே செய்த வேலை நம் நாட்டில் பாதிகூட முடியவில்லை. அமெரிக்கப் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் பம்பாய் தாஜ் ஓட்டலிலும் கல்கத்தாவிலும் வாசித்தார்; இங்கேயே கொலம்பியாவுக்காகப் பதிவு செய்தார்; 1945-இல் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். அவரோடும் அவருக்குப் பிறகும் வாசித்த கோவாக்காரர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் திரைப்படக் கூடங்களுக்கு வந்தார்கள். நரேஷ் ஃபெர்னாண்டஸின் ‘தாஜ் மகால் ஃபாக்ஸ்டிராட்’ அவர்களில் பலருக்கு முகம் கொடுத்தது. சிக் சாக்லெட் என்று அறியப்பட்ட டிரம்பெட் கலைஞரின் பெயர் அப்படித்தான் மறுபடி பேசப்பட்டது. ஆனால் அவர்கள் வாசித்த ஆயிரக்கணக்கான திரைத்தட்டுகளின் லேபிளில் பாடியவர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் மட்டுமே இருக்கின்றன. சென்னைக் கூடங்களில் 1950, 60-களில் பதிவான தட்டுகளுக்கும் இதே நிலைதான். கிளப் பாட்டுகளில் வரும் அந்த டிரம்பெட்டை, அந்த சாக்ஸஃபோனை ஊதியவர் யார் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தட்டுகளை வைத்திருப்பவர்கள் அவற்றை அவர்களுக்குப் போட்டுக் காட்டி, பெயர்களை இப்போதே எழுதி வாங்க வேண்டும்.