மூன்று பைட்டில் ஓர் அகரம்

பைத்தானில் 'அ' என்ற ஓரெழுத்தை என்கோட் செயற்கூறிடம் கொடுத்தால், யூடிஎஃப்-8 முறையில் 224, 174, 133 என மூன்று பைட்டுகள் வந்து விழுகின்றன. பைட் வரிசையையும் குறிப்பிட்டுக் கேட்டால், யூடிஎஃப்-16இல் இரண்டே பைட்டுகள்: 11, 133. வரிசையை மாற்றிக் கேட்டால் 133, 11. எந்த வழியில் போனாலும், அதே முறையில் டீகோட் செய்தால் திரும்பி வருவது யூனிகோடின் 2949ஆம் எண், அதே அகரம்.

தமிழுக்கு யூடிஎஃப்-8 கூடுதல் இடம் பிடிக்கும்தான். 'கு' என்றால் ககரமும் உகரக் குறியும் சேர்ந்து ஆறு பைட்! ஆனாலும் 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த இந்த முறை அழகானது. தொடர் பைட்டுகள் எல்லாம் 128 முதல் 191க்குள் அடங்கும். எழுத்தின் முதல் பைட் அந்த எல்லைக்குள் வரவே வராது. ஆகவே நடுவில் ஒரு பைட் தொலைந்தால், டீகோட் பிழை சொல்லி நின்றுவிடும்.

பிழையைக் கண்டுகொள்ளாத 'இக்னோர்' வசதியும் உண்டு. எழுத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.