கையெழுத்திட்ட தந்தையும் காணாமற்போன முதலாளியும்

சலீம் - ஜாவேத் என்னும் திரைக்கதை இரட்டையரைப் பற்றி எழுதுவோர் அமிதாப் பச்சனின் கோபத்தையும் 'ஷோலே' வசனங்களையும் புகழ்வதோடு நின்றுவிடுகிறார்கள். 'தீவார்' (1975) படத்தின் கதைக்கட்டை ஊவாவின் தேயிலை மலைகளுக்கிடையிலிருந்து பார்க்கும் எனக்கு வேறொன்று தட்டுப்படுகிறது.

சலீம் கான் 1935இல் இந்தூரில் பிறந்தவர். நடிகராக வரப்பார்த்து முடியாமற் போனவர். 1945இல் குவாலியரில் பிறந்த ஜாவேத் அக்தர், உருதுக் கவிஞர் ஜான் நிசார் அக்தரின் மகன். 'ஸஞ்சீர்' (1973) சுவரொட்டிகளில் தங்கள் பெயர் இல்லாததைக் கண்டு, ஆள் வைத்துப் பம்பாய்ச் சுவரொட்டிகள்மேல் பெயரை எழுதச்செய்தார்கள். எழுத்தாளனும் தொழிலாளியே, அவன் உழைப்புக்கும் பெயர் வேண்டும் என்ற வழக்கை அவர்கள் வென்றெடுத்தார்கள். அடுத்த ஆண்டே அந்தப் படம் தமிழில் 'சிரித்து வாழ வேண்டும்' ஆனது. எம்.ஜி.ஆர். அப்துல் ரஹ்மானாக நடித்ததில் என் வாப்பாவுக்கு அவ்வளவு பெருமை! மூலக்கதை எழுதியவர்களும் முஸ்லிம்கள் என்பதை அவர் அறியார்.

'தீவார்' ஒரு வேலைநிறுத்தத்தில் தொடங்குகிறது. குடும்பத்தைப் பணயமாகப் பிடித்துவைத்து மிரட்டியதும், தொழிற்சங்கத் தலைவர் முதலாளியின் நிபந்தனைகளுக்குக் கையெழுத்திடுகிறார். அவமானம் தாளாது ஊரைவிட்டு ஓடுகிறார். அவர் திருடன் என்று மூத்த மகனின் கையில் பச்சை குத்திவிடுகிறார்கள். தோட்டச் சம்பளம் பல ஆண்டுகள் கொழும்பில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தங்களால்தான் தீர்மானமாயிற்று. அந்தக் கையெழுத்துகளைப் பற்றி லயங்களில் எழுந்த பேச்சு தொழிலாளருக்கு மட்டுமல்ல, தோட்டத்துச் சம்பள நாளை நம்பிக் கடை வைத்த எம்மவர்களுக்கும் பழக்கமானது. எனவே இந்தத் தொடக்கம் எமக்கு வெறும் சினிமாவாகத் தெரிவதில்லை.

துறைமுகக் கூலியாகும் விஜய்க்குக் கிடைக்கும் பில்லையின் எண் 786. அதன் மகிமையை ரஹீம் சாச்சா எடுத்துச் சொல்கிறார். கோயிற்படி ஏற மறுப்பவன் அந்தப் பில்லையைக் கடைசிவரை நெஞ்சோடு வைத்திருக்கிறான். அது நழுவிய பிறகே அவனுக்குச் சாவு வருகிறது. ஜாவேத் தம்மை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்பவர். ஆகவே இதில் மார்க்கப் பற்றைத் தேட வேண்டியதில்லை. எண்ணாக்கப்பட்ட ஒரு மனிதன் அந்த எண்ணுக்குள்ளேயே தன் மானத்தைக் கண்டுகொள்கிறான் என்பதே அதன் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கும் எண் பொறித்த தகரத் துண்டுதான் கொடுத்தார்கள். அதற்கு இப்படியொரு கதையை எம்மில் எவரும் எழுதவில்லை.

ஆனால் இதற்குப் பின்னர் என்ன நடக்கிறது? தாய் செங்கல் சுமந்த இடத்தில் எழுந்த கட்டடத்தை, கடத்தற்காரனாகிவிட்ட விஜய் கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்து வாங்குகிறான். அவனது கோபம் கொள்முதலாக மாறிவிடுகிறது. துறைமுகச் சண்டியர்கள் அடிபடுகிறார்கள், போட்டிக் கடத்தற்காரன் கொல்லப்படுகிறான். தந்தையைக் கையெழுத்திட வைத்த முதலாளியோ கதையை விட்டே போய்விடுகிறான். அண்ணன், தம்பி, தாய் என்று நாடகம் உச்சத்திற்கு ஏறும் வேகத்தில் பார்வையாளரும் அவனை மறந்துவிடுகிறார்கள். இரட்டையரின் திறமை அங்கேதான் இருக்கிறது, குறையும் அங்கேதான். தங்கள் கூலிக்காகச் சுவரொட்டியில் போராடியவர்கள், தாங்கள் படைத்த தொழிலாளரின் கூலிக் கணக்கைத் தீர்க்காமலே விட்டுவிட்டார்கள்.

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நண்பரோடு இந்தப் படத்தைப் பார்த்தேன். தாயின் மடியில் விஜய் இறக்கும் காட்சியில் அவர் கண்கலங்கவில்லை. படம் முடிந்ததும், "அந்த ஸ்ட்ரைக் என்ன ஆச்சு மாஸ்டர்?" என்றுதான் கேட்டார்.