சோழமண்டலம்: பாத்திக் துணியும் படிக்க முடியாத எழுத்தும்

கண்ணகி நகர் சுவரோவியங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு பத்தி தாண்டுவதற்குள் சோழமண்டலம் குறுக்கே வந்து நின்றுகொண்டது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது என்று தோன்றியதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் முதன்முதலில் சோழமண்டலம் போனது 2002-ல். பி.இ. முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டாட்காம் குமிழி உடைந்து, கேம்பஸில் எடுத்தவர்களையே சேர்த்துக்கொள்ளாமல் இழுத்தடித்த காலம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேர் ஒரு அறை. அதில் ஒருவர் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சும்மா மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு கெடக்கறதுக்கு வாங்க, ஓவியர்கள் ஊருன்னு ஒண்ணு இருக்கு" என்று கூட்டிப் போனார். ஈஞ்சம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம்.

ஓவியர்கள் ஊர் என்றதும் என் மனசில் இருந்தது சினிமாவில் வருகிற ஓவியர். தாடி, ஜிப்பா, ஜன்னலோர வெளிச்சம். தேவாரத்திலிருந்து வந்தவனுக்கு வேறென்ன தெரியும்? எங்கள் ஊரில் ஓவியர் என்றால் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர், தேர்தல் வந்தால் சுவரில் சின்னம் வரைபவர். சோழமண்டலத்தில் நான் முதலில் பார்த்தது மரத்தடியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஆளை. பக்கத்தில் தகடுகள், கம்பிகள், சுத்தியல். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளைப் பழுது பார்க்கும் பட்டறை தேவாரத்தில் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. "இவரும் ஆர்ட்டிஸ்ட்டா?" என்று கேட்டேன். அறைத்தோழர் சிரித்தார். அந்தக் கேள்வி அப்படியொன்றும் முட்டாள்தனமானதில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸ் ஓவியப் பள்ளி 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. அதன் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1929-ல் பொறுப்பேற்றார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவருக்குப் பின் 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. குடும்பக் கஷ்டத்தால் படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். வேலையை உதறிவிட்டு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேரும்போது வயது இருபத்தைந்தாகிவிட்டது. அந்த விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாதச் சம்பளம் என்றால் என்ன, அது இல்லையென்றால் என்ன என்று தெரிந்த ஒரு மனிதர்.

முதல்வர் ஆனதும் அவர் பார்த்தது ஒரு எளிய கணக்குதான். வருஷா வருஷம் நல்ல கை உள்ள பையன்கள் படித்து வெளியே போகிறார்கள். போய் என்ன செய்வார்கள்? மெட்ராஸில் ஓவியம் வாங்க ஆளில்லை. டிராயிங் மாஸ்டர் ஆகலாம், நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு டிசைன் போடலாம். ஐந்து வருஷத்தில் தூரிகை காய்ந்துவிடும். பணிக்கர் கண்டுபிடித்த வழி, துணிக்கு டிசைன் போடுவதையே தலைகீழாக்கியது. கலைஞர்கள் கைவினைச் சங்கம் ஒன்று வைத்தார்கள். வகுப்பு முடிந்த நேரத்தில் மெழுகும் சாயமும் வைத்து பாத்திக் துணி, தோல், உலோகப் பொருள்கள் என்று செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து, கடலோரத்தில் சவுக்கும் மணலுமாகக் கிடந்த சுமார் பத்து ஏக்கரை வாங்கி, 1966-ல் குடியேறினார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை எல்லாம் அப்போது யார் கனவிலும் இல்லை.

சோழமண்டலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடல், மணல், மரம், தனிமை என்று கவிதையாக எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இடத்தின் அசல் சாதனை பாத்திக்தான். வயிற்றுக்குத் துணி சாயம் போடு, மனசுக்குப் படம் வரை. படத்தை விற்றே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லாததால் யாருக்கும் பிடிக்காத படத்தையும் வரையலாம். அரசாங்க மானியமோ ஜமீன்தாரோ இல்லாமல், கூட்டுறவுப் பால் சங்கம் மாதிரி ஒரு நவீன கலை இயக்கம். 2002-ல் வேலையில்லாமல் நின்ற எனக்கு இது யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்குப் பார்த்த எந்த ஓவியத்தைவிடவும் உபயோகமாக இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு அங்கே பார்த்ததில் எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது உலோகச் சிற்பங்கள். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செய்தவை, செம்பும் பித்தளையும் பற்றவைத்து, முன்னால் நின்று பார்க்கும்படி அமைத்தவை. சுற்றிவந்து பார்த்தால் பின்பக்கம் பெரிதாக ஒன்றும் இருக்காது. அறைத்தோழர் அதை ஒரு குறை போலச் சொன்னார். எனக்கு அது குறையாகவே படவில்லை. எங்கள் குலசாமிக்கு விசேஷ நாளில் சாத்தும் தகட்டுக் கவசத்துக்குப் பின்பக்கம் ஏது? சாமியை யார் பின்னாலிருந்து கும்பிடுகிறார்கள்? பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டித் தட்டி எடுத்த உருவங்களும் இந்த வகைதான். மெட்ராஸ் இயக்கம் என்று இன்று சொல்லப்படுவதில் சந்தேகமே இல்லாமல் நமக்குச் சொந்தமான பகுதி எது என்று கேட்டால் இந்த முன்நோக்குச் சிற்பத்தைத்தான் காட்டுவேன். மேற்கத்திய அளவுகோலை வைத்து இதைத் தட்டையானது என்பது, தோசையைப் பார்த்து ரொட்டி உப்பவில்லை என்று சொல்வது போல.

பணிக்கரின் ஓவியம் அப்படி ஒட்டவில்லை. 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசை, 1963 வாக்கில் தொடங்கியது. படம் முழுக்கப் பொடிப்பொடியாக எழுத்து மாதிரி ஏதோ. மலையாளமோ என்று கிட்டப் போனால் இல்லை, தமிழும் இல்லை. நடுவில் ஜாதகக் கட்டம், முக்கோணம், கணக்குக் குறி, ஒரு மீன், ஒரு பறவை. படிக்க முயன்றேன். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. ஏமாற்று வேலை என்றே நினைத்தேன், அதைச் சத்தமாகச் சொல்லவும் செய்தேன். ஓவியக் கல்லூரிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்குள் பேச்சில்லை.

ஒன்பது வருஷம் கழித்து அதே வரிசைப் படத்தை இன்னொருவருடன் பார்த்தேன். சோழமண்டலத்தில் 2009-ல் மெட்ராஸ் இயக்கத்துக்கென்று அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். மாமல்லபுரம் போகும் வழியில், வெயில் தாழட்டும் என்று உள்ளே நுழைந்தோம். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். விடியற்காலை ஜீப்பில் ஏறி மலைக்குக் காய் எடுக்கப் போய், அந்தி சாய வீடு திரும்பியவர். மற்ற படங்களை எல்லாம் மரியாதைக்குப் பார்த்துக்கொண்டு வந்தவர் பணிக்கரின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"ஏப்பா, இது சாதகந்தான? யாருக்கு எழுதுனது?"

"யாருக்கும் இல்லம்மா. சும்மா எழுத்து மாதிரி வரைஞ்சிருக்காரு. படிக்க முடியாது."

"ஒனக்குமா?"

"யாருக்குமே முடியாது."

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு எல்லா எழுத்தும் இப்படித்தான தெரியும்" என்றார். சொன்னதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஒரு தகவலாகச் சொன்னார்.

அந்தப் படம் எனக்குத் திறந்தது அப்போதுதான். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை ஐந்து நிமிஷத்துக்கு எழுத்தறியாதவராக ஆக்கிவிடுகிறது அது. பஸ் போர்டு, ரேஷன் கார்டு, தோட்டத்துக் கணக்குப் பேரேடு, மகனின் ஆஃபர் லெட்டர் எல்லாம் அம்மாவின் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை, கல்லூரிப் படிப்பெல்லாம் படித்த என்னை நிற்கவைத்துக் காட்டியது. அர்த்தம் இருக்கிறது என்று தெரிகிறது, நமக்கு இல்லை என்றும் தெரிகிறது. தந்தித் துறையில் கட்டு கட்கடவென்று வரும் சங்கேதத்தைக் கேட்டுப் பழகிய மனிதருக்கு, எழுத்து என்பது தெரிந்தவனுக்குச் செய்தி, தெரியாதவனுக்குச் சத்தம் என்பது நன்றாகவே தெரிந்திருக்கும். இது என் ஊகம். பணிக்கர் இப்படி நினைத்தாரா என்பது வேறு விஷயம். படம் அதைச் செய்கிறது.

இதைச் சொன்ன கையோடு என் புகாரையும் சொல்லிவிட வேண்டும். நம் மண்ணிலிருந்து நவீன கலை வர வேண்டும் என்று தேடியவர்கள் எந்த மண்ணைத் தோண்டினார்கள்? ஜாதகம், யந்திரம், ஓலைச்சுவடி, கோயில் கவசம். உழைப்பு மிகக் குறைவு. ஏலக்காய் எடுக்கும் பெண்ணோ மீன் இழுக்கும் ஆளோ அதில் தலைகாட்டினாலும் குறியீடாகத்தான் தலைகாட்டுகிறார்கள். ராய் சௌத்ரியின் பாணியைப் பழசு என்று தாண்டிப் போனது சரிதான், ஆனால் பாறையை நெம்பும் அந்த நான்கு பேரைத் தாண்டிப் போனதில் ஏதோ ஒன்று விட்டுப்போனது. எங்கள் ஊர்க்காரர் யாரை மெரினாவுக்குக் கூட்டிப் போனாலும் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் விளக்கம் கேட்பதில்லை. பெண்களும் குறைவு, அர்னவாஸ் போன்ற ஒரு சிலரைத்தான் சொல்ல முடிகிறது.

கே. ராமானுஜத்தை நினைத்தால் இந்தப் புகார்கூடச் சின்னதாகிவிடுகிறது. பேச்சு சரியாக வராதவர், மனநோயோடு போராடியவர். பணிக்கர் அவரைப் பள்ளியில் சேர்த்து, பிறகு சோழமண்டலத்துக்கும் அழைத்துக்கொண்டார். பேனா மையில் ஒரு கனவு நகரம் வரைந்தார்: கோபுரங்கள், பாம்புகள், மாடங்கள், நடுவே தொப்பி வைத்துக்கொண்டு அவரே. நிஜத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத மனிதர் படத்தில் ராஜா. 1973-ல் உயிரை மாய்த்துக்கொண்டார், முப்பத்து சொச்சம் வயது. கூட்டுறவு எல்லோருக்கும் கூரை தரும், எல்லோருக்கும் துணை தராது. அந்த மணலில் இருந்தவர்களிலேயே பெரிய கற்பனை அவருடையது என்பது என் கட்சி. பணிக்கருக்கும் மேலே வைப்பேன்.

இப்போது கண்ணகி நகர். சோழமண்டலத்திலிருந்து நேர்கோட்டில் சில கிலோமீட்டர்தான், நடுவே பக்கிங்காம் கால்வாய். 2000-லிருந்து நகரத்தின் ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் இருந்த மக்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயின்ட்ஸ், சென்னை மாநகராட்சி எல்லாம் சேர்ந்து அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்களை வரையவைத்து, 'கண்ணகி கலை வட்டாரம்' என்று பெயரும் வைத்தார்கள். ஏ-கில் வரைந்த குழந்தைகளின் முகங்கள் தூரத்திலிருந்தே தெரியும்.

என் அலுவலகம் அந்தச் சாலையில்தான். முதல் தடவை உள்ளே போனபோது எரிச்சலாக இருந்தது. பெயின்ட் அடித்தால் தண்ணீர் வருமா, பஸ் வருமா? சோழமண்டலத்துக்காரர்கள் நகரத்தை விட்டுத் தாங்களாக வெளியேறினார்கள், இவர்களை வெளியேற்றினார்கள். அங்கே காசும் நிலமும் கையும் ஒரே கூட்டத்தினுடையது. இங்கே சுவர் ஒருவருடையது, பெயின்ட் இன்னொருவருடையது, கை மூன்றாமவருடையது, பார்த்துக்கொண்டு வாழ்வது நான்காமவர். இந்தக் கணக்கில் இன்றைக்கும் நான் மாறவில்லை.

எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா அங்கேதான் இருந்தார். முன்பெல்லாம் வேலை கேட்கப் போனால் துரைப்பாக்கம் என்று மட்டும்தான் சொல்வாராம். கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை கிடைக்காது. சுவரோவியத்தைப் பற்றிக் கேட்டேன். குறை சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"நல்லாத்தான் சார் இருக்கு. முன்னாடி எங்க ஏரியாவுக்கு கேமரா தூக்கிட்டு வந்தா எவனோ எவனையோ வெட்டிட்டான்னு அர்த்தம். இப்ப சும்மா பாக்கறதுக்கும் வர்றாங்க. ஆனா படி லைட்டு இன்னும் எரியல."

போன வருஷம், 2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியில் இருந்த கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். டிவியில் ஊர்ப் பெயரைச் சுருக்காமல் மறைக்காமல் சொன்னார்கள். மறுநாள் தேநீர் நேரத்தில் அந்த அக்கா ஞாபகம் வந்தது. வேலையை விட்டு நின்று நாளாகிவிட்டது அவர். இப்போது முகவரி கேட்டால் என்ன சொல்கிறாரோ.