ஒலிநூல்களில் ருஷ்யப் பெயர்கள்

அச்சு நூலைப் படிப்பவர்க்கு அயல்மொழிப் பெயர் ஒரு வடிவம். ஒலிநூலைக் கேட்பவர்க்கு அது ஓர் ஓசை. படிப்பவர் ஒரு பெயரைத் தம் மனத்துள் எவ்வாறு ஒலித்துக் கொண்டாலும் தாளில் உள்ள எழுத்து மாறுவதில்லை. அடுத்த பக்கத்தில் அதே வடிவத்தைக் கண்டதும் ஆளை அறிந்து கொள்வார். கேட்பவர்க்கு அத்துணை இல்லை. ஓசை மாறினால் அவர்க்கு ஆளே மாறிவிடுவான். கண்பார்வை இழந்தோர்க்கு இந்த இடர்ப்பாடு இன்னும் பெரிது. ஐயம் எழுந்தால் நூலைப் புரட்டிப் பார்த்துத் தெளியும் வழியும் அவர்கட்கு எளிதில் இல்லை.

லிப்ரிவாக்ஸ் என்னும் தொண்டர் அமைப்பின் பதிவுகளை மதிப்பிடப் புகுவோர் இவ்வேறுபாட்டை முதற்கண் கருதுதல் வேண்டும். கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹியூ மெக்குவயர் என்பார் 2005ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கிய முயற்சி இது. பதிப்புரிமைக் காலம் கடந்த நூல்களைத் தொண்டர்கள் தத்தம் இல்லத்திலிருந்தே படித்துப் பதிவு செய்கின்றனர். ஊதியம் இல்லை, குரல் தேர்வும் இல்லை. படித்தவர் தம் குரற்பதிவின் மீது உரிமை பாராட்டுவதும் இல்லை. இன்று பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. இதனை ஓர் அறச்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அறச்செயலும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதன்று.

இவ்வமைப்பில் முதன்முதல் பதிவாகிய நூல் ஜோசப் கான்ராடு எழுதிய 'தி சீக்ரெட் ஏஜெண்ட்' என்னும் ஆங்கில நாவல். அதிலேயே விளாதிமிர் என்னும் தூதரக அதிகாரி ஒருவன் வருகின்றான். ஆங்கிலேயர் இப்பெயரின் முதலசையை அழுத்துவர். ருஷ்யர் இரண்டாம் அசையாகிய 'தி' என்பதை அழுத்துவர். ஆகவே, ருஷ்ய ஒலிப்புப் பற்றிய சிக்கல் இம்முயற்சியுடன் உடன்பிறந்தது என்றே கூறலாம்.

பின்னர் ருஷ்ய நாவல்கள் வரிசையாக வந்தன. அமெரிக்கச் சட்டப்படி, அந்நாட்டில் வெளியாகி 95 ஆண்டுகள் நிறைவுற்ற பழைய வெளியீடுகள் பொதுமக்களுக்கு உரியன ஆகின்றன. இதனால் கான்ஸ்டன்ஸ் கார்னெட் அம்மையாரின் தஸ்தயேவ்ஸ்கி மொழிபெயர்ப்புகளும், லூயிஸ் மாட், ஐல்மர் மாட் என்னும் தம்பதியரின் தல்ஸ்தோய் மொழிபெயர்ப்புகளும் தொண்டர்களின் கைக்கு வந்தன. ருஷ்ய மொழியை அறியாத ஒருவர், ஆங்கிலத்தில் உள்ள கதையை இயல்பாகப் படித்துக்கொண்டே வந்து, ஒரு பெயரின்முன் திடீரெனத் தயங்கி நிற்கின்றார்.

தயக்கத்தின் காரணம் யாது? ருஷ்யத்தில் சொல்லின் பொருளைத் தீர்மானிப்பதில் அசையழுத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழில் 'கல்' என்பதும் 'கால்' என்பதும் குறில் நெடிலால் வேறாகின்றன. ருஷ்யத்தில் அவ்வேலையை அழுத்தம் செய்கின்றது. ஒரே எழுத்துகளால் ஆன ஒரு சொல்லை 'ஸாமக்' என முதலசையை அழுத்திச் சொன்னால் கோட்டை. 'ஸமோக்' எனக் கடையசையை அழுத்திச் சொன்னால் பூட்டு. அழுத்தம் பெறாத ஓகரம் அகரத்தை ஒத்து ஒலிப்பதையும் இதே சான்றில் காணலாம். இத்தகைய அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதற்கு எளிய விதி இல்லை; நாள்தோறும் அச்சாகும் ருஷ்ய நூல்களில் அதற்குக் குறி இடுவதும் இல்லை. ஆகவே, எழுத்தை மட்டும் பார்த்து ஒலிப்பவர் தவறுவது இயல்பே.

பெயர்களிலோ பொருளும் கலந்திருக்கின்றது. 'குற்றமும் தண்டனையும்' நாவலின் தலைவன் ரஸ்கோல்னிக்கவ். 'ரஸ்கோல்' என்றால் பிளவு. சமயப் பிளவில் பிரிந்து நின்றோர்க்கு வழங்கிய சொல்லிலிருந்து அமைந்த பெயர் இது. 'கோல்' என்னும் அசையை அழுத்தினால் அந்த வேர்ச்சொல் ருஷ்யர் செவியில் விளங்கும். 'னிக்' என்பதை அழுத்தினால் வேர் மறைந்து, வெறும் ஓசையே எஞ்சும்.

அன்றியும், ருஷ்ய நாவலில் ஓர் ஆளுக்கு ஒரு பெயர் மட்டும் இல்லை. ரஸ்கோல்னிக்கவ் என்பது குடும்பப் பெயர். மதிப்புடன் விளிப்போர் இயற்பெயரையும் தந்தைவழிப் பெயரையும் சேர்த்து 'ரதியோன் ரமானவிச்' என்பர். தாயும் நண்பனும் அன்பொழுக 'ரோத்யா' என்பர். அழைக்கும் பெயரிலேயே உறவின் நெருக்கம் புலப்படுகின்றது. இம்மூன்றும் ஒருவனையே குறிக்கும் என்று கேட்பவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வாறிருக்க, அம்மூன்றில் ஒவ்வொன்றும் அத்தியாயத்துக்கு ஒரு விதமாக ஒலிக்குமாயின் மூவர் அறுவராகி விடுவர். கதையின் போக்கு அவர் கையை விட்டு நழுவும்.

லிப்ரிவாக்ஸ் அமைப்பின் நெறிமுறைகளை இவ்விடத்தில் நோக்குதல் தகும். ஒலிக்கோப்பின் தரம் 128 கிலோபிட்டு என்றும், ஒலியின் அளவு ஏறத்தாழ 89 டெசிபல் என்றும் அங்கு வரையறுத்துள்ளனர். பதிவைக் கேட்டுச் சரிபார்ப்பவர் விடுபட்ட வரிகளையும், இருமுறை படித்த வரிகளையும், நீண்ட மௌனங்களையும், இடையில் புகுந்த இரைச்சலையும் கண்டு கூறுகின்றார். படிப்பவரின் நடையையோ நாட்டுச் சாயலையோ குறை கூறுவது வழக்கமில்லை. அயற்பெயர்களின் ஒலிப்பும் பெரும்பாலும் படிப்பவர் பொறுப்பிலேயே விடப்படுகின்றது.

இக்கொள்கையின் பெருந்தன்மையை மறுத்தல் ஆகாது. ஒலிப்பில் தேர்ந்தோர் மட்டுமே படிக்கலாம் என்று விதித்திருந்தால் இத்துணை நூல்கள் குரல் பெற்றிரா. மேலும், ஆங்கில வாக்கியத்தின் நடுவே ஒரு பெயரை மட்டும் மாஸ்கோ நகரத்தார் போல ஒலிப்பது செயற்கையாகவே தோன்றும். ஒரு மொழி பிறமொழிச் சொல்லைத் தன் ஒலிக்கு இசைவித்து ஏற்பது இயற்கை. வடசொற்கள் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைந்து வழங்கலாம் என்று தொல்காப்பியர் எச்சவியலில் இடம் தந்திருப்பதைத் தமிழாசிரியர்கள் நன்கு அறிவர். ருஷ்யத்தின் மெல்லொலி மெய்களையும் அதன் தனிப்பட்ட உயிரொலியையும் அப்படியே கொணர வேண்டும் என்று தொண்டரிடம் கேட்பது நேர்மையாகாது.

ஆனால், ஒலிச்சாயல் வேறு, அழுத்தம் வேறு. எந்நாட்டுச் சாயலுடன் பேசுபவரும் சரியான அசையை அழுத்தலாம். அதற்கு நாப்பழக்கம் வேண்டியதில்லை. செய்தி தெரிந்தால் போதும். 'எல்லாச் சாயலும் வருக' என்னும் நல்ல கொள்கை, 'எந்த ஒலிப்பும் தகும்' என்னும் பொருளில் கொள்ளப்படும்போதுதான் குறை நேர்கின்றது. ஒருவரே முழுநூலையும் படித்தால் அவர் தவறினும் ஒரே வகையில் தவறுவார், கேட்பவர் பழகிக்கொள்வார். பலர் பகிர்ந்து படிக்கும் பதிவிலோ நிலைமை வேறு. 'போரும் அமைதியும்' 361 அத்தியாயங்களைக் கொண்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாந்தர் அதில் வருகின்றனர். பல நாட்டார் பங்கிட்டுப் படிக்கும் அத்தகைய நூலில் முன்கூட்டிய உடன்பாடு இல்லையெனில் பெயர்கள் சிதறுவதைத் தவிர்த்தல் அரிது. ஒலியின் உயரத்துக்கு அளவு வகுத்தவர்கள் பெயரின் ஒலிப்புக்கும் ஓர் ஒழுங்கை வகுத்தல் இயலாததன்று.

வியப்பு யாதெனில், அவ்வொழுங்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகட்கு முன்பே வகுக்கப்பட்டிருக்கின்றது. லூயிஸ் மாட் மாஸ்கோவில் பிறந்தவர். ஐல்மர் மாட் இளமையிலேயே அந்நகருக்குச் சென்று பல்லாண்டு வாழ்ந்தவர். இருவரும் தல்ஸ்தோயின் நண்பர்கள். அவர்கள் 1922, 1923ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'போரும் அமைதியும்' மொழிபெயர்ப்பில் ருஷ்யப் பெயர்களின்மேல் அழுத்தக் குறிகள் உண்டு. வஸீலி, குராகின், ரஸ்தோவ், பல்கோன்ஸ்கி எனும் பெயர்களில் எந்த அசையை அழுத்துவது என்பதை ஒரு சிறு கோடு காட்டிவிடும். பிற்காலத்தில் நூல்கள் கணினிக்கு ஏறியபோது, வெறும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்ற பழைய படிகளில் அக்கோடுகள் உதிர்ந்து போயின. குறிகளைக் காத்த படிகளும் இப்போது கிடைக்கின்றன. கண்ணால் படிப்பவர்க்குக் குறியற்ற படியால் இழப்புச் சிறிது; குரலால் படிப்பவர்க்கோ அது வழிகாட்டியையே இழந்தது போலாகும். எந்தப் படியிலிருந்து படிப்பது என்பதும் ஒலிநூலில் ஒரு பதிப்புச் சிக்கலே என்பதை இது காட்டுகின்றது.

கார்னெட் மொழிபெயர்ப்புகளுக்கு இவ்வசதி இல்லாவிடினும், ஒருங்கிணைப்பவர் முதன்மைப் பெயர்களைப் பட்டியலிட்டு, ருஷ்யம் அறிந்த ஒருவரைக் கொண்டு ஒருமுறை ஒலிக்கச் செய்து, படிப்போர் அனைவர்க்கும் அனுப்பலாம். ஒரு மணி நேர உழைப்பு, பல நூறு மணி நேரக் கேட்பைச் செம்மையாக்கும். சில தொகுப்புகளுக்கு இத்தகைய குறிப்புகள் செய்யப்படுவதும் உண்டு. அது விதிவிலக்காக இன்றி வழக்கமாக வேண்டும்.

ருஷ்யரிடையேயும் கருத்து வேறுபாடு உள்ள பெயர்கள் இல்லாமல் இல்லை. 'அன்னா கரேனினா'வில் வரும் லேவினை 'ல்யோவின்' என்றே ஒலிக்க வேண்டும் என்பாரும் உளர். அவ்வொலிக்குரிய இரு புள்ளிகளை அச்சில் விட்டுவிடும் வழக்கத்தால் எழுந்த ஐயம் இது. இதனால் பெறப்படுவது யாது? முடிந்த முடிபு கிடைக்காத இடத்திலும் ஒருமைப்பாடு கிடைக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து இறுதிவரை காத்தால் கேட்பவர்க்குக் குழப்பம் நேராது.

இவ்வுண்மை தமிழுக்கும் அயலானதன்று. ஆங்கிலத்தின் வழியாக வந்தவர் 'டால்ஸ்டாய்' என எழுதினர். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் 'தல்ஸ்தோய்' என எழுதின. பின்னதில் அழுத்தம் பெறாத ஓகரம் அகரமாகவும், ருஷ்யத் தகரம் தமிழ்த் தகரமாகவும் பொருந்தி நிற்பதைக் காணலாம். மூல ஒலியைக் கேட்டு எழுதியதன் பயன் அது.

தொண்டர் தம் குரலைக் கொடையாகத் தருகின்றனர். கொடையைப் பெறுபவர், முகம் காணாத ஒரு கேட்பாளர். அவர் குரலின் இனிமையை எதிர்பார்ப்பதில்லை. தேர்ந்த நடிப்பையும் கேட்பதில்லை. நேற்று அறிமுகமான பல்கோன்ஸ்கி இன்றும் அதே பல்கோன்ஸ்கியாக வர வேண்டும் என்பதே அவர் வேண்டுவது. அந்தச் சிறு கோட்டை மதித்துப் படித்தால், அவர் வேண்டுவது அவர்க்குக் கிடைத்துவிடும்.